நாற்பது விநாடி தள்ளி வரும் பதில்

சங்கிலியை நேரில் பார்க்காதவர்களுக்கும் சேரம்பாடியில் அவன் குரலைத் தெரியும். காலை ஏழரைக்கு, மூடுபனி இன்னும் தேயிலைக்காட்டை விட்டு எழுந்திருக்காத நேரத்தில், பெரட்டுக் களத்தில் நின்று அவன் பெயர் கூப்பிட ஆரம்பித்தால் எதிர்ச்சரிவில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தூங்கும் கைக்குழந்தைகள் சிணுங்கும். பெரட்டு என்றால் தோட்டத்தில் அன்றைய வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டம். அவனுடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த சொற்களில் ஒன்று. இப்போது ரிஜிஸ்டரில் மஸ்டர் என்று அச்சடித்திருக்கிறார்கள். வாயில் இன்னும் பெரட்டுதான்.

சங்கிலியின் பெரட்டுக்கு ஒரே விதி. பெயரை இரண்டு முறை கூப்பிடுவான். இரண்டாவது கூப்பாட்டுக்கும் "இருக்கேன்" என்று குரல் வராவிட்டால் ஆப்சென்ட். பனிக்குள் முகம் தெரியாது, குரல் வந்தால்தான் ஆள். பாலத்தடியில் யானை நின்றது, சுற்றி வந்தேன் என்று மூச்சிரைக்க ஓடி வருகிறவளிடம், "யானைகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்திருக்கலாமில்ல?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், ஆனால் ஆப்சென்ட் ஆப்சென்ட்தான். கெட்டவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பான், பந்தலும் அவன்தான் போடுவான். பெயர் கூப்பிடும்போது மட்டும் அவனுக்குக் காது உண்டு, மனசு கிடையாது. பதினேழு வருடமாக இதே வேலை. ஒரே வேலையை அத்தனை காலம் செய்தால் அது சாயங்காலம் ஆளோடு சேர்ந்து வீட்டுக்கும் வந்துவிடும். அது அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் மனைவி சசிகலாவும் எட்டு வயது மகள் ஜீவிதாவும் இருந்தார்கள். சசிகலா அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஜீவிதா ஒன்றரை வயதுவரை எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தாள். பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள், "ப்பா" என்றாள், பூவைக் கண்டால் "ஊ" என்றாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. முதலில் சொற்கள், பிறகு கைகள். துணி கசக்குவதுபோல நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன, விழித்திருக்கும் நேரம் முழுக்க. நடையும் நின்றுபோனது.

கோயம்புத்தூரில் ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பி, இரண்டு மாதம் கழித்து ஒரு காகிதம் வந்தது. ரெட் சிண்ட்ரோம் என்று எழுதியிருந்தது. ஒரு ஜீனில் தானாக நேர்ந்த மாற்றம், அப்பா வழியிலும் வரவில்லை, அம்மா வழியிலும் வரவில்லை, யாரும் செய்த தப்பில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சசிகலா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். கிரகணத்தன்று வெளியே போனாயா, வயிற்றில் இருக்கும்போது எதைத் தின்றாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அவள் அவ்வளவு களைத்திருந்தாள். சங்கிலி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மறுபடி பேசுவாளா சார்?" பேச்சு திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். பேச்சு இல்லை என்றால் உள்ளே ஆள் இல்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். பெயர் கூப்பிட்டே பிழைக்கிறவன் வேறெப்படி எடுத்துக்கொள்வான்?

பாசம் இல்லாமல் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று, "ஜீவி! அப்பா வந்துட்டேன். ஜீவி!" என்று இரண்டு தடவை கூப்பிடுவான். அவள் எங்கோ பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டிருப்பாள். அவன் கால் கழுவப் போய்விடுவான். குளிப்பாட்ட, தூக்க, படுக்கவைக்க எல்லாவற்றுக்கும் கை கொடுப்பான். ஆனால் அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசுவான், நாற்காலியை வைத்துக்கொண்டு நாற்காலியைப் பற்றிப் பேசுவதுபோல. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அவன் இதைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான் என்பதால் மேலே சொல்கிறேன்.

இந்த வருடம் ஆடி மாதத்தில் சிக்கல் வந்தது. பகலில் ஜீவிதாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அங்கம்மா திருப்பூரில் இருக்கும் மகனிடமே போய்விடுவதாகச் சொன்னாள். சசிகலாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்க அறுபது படி, ஜீவிதாவின் எடை இருபத்திரண்டு கிலோ. அந்தச் சமயம் பார்த்து, கிளென்மார்கன் போகும் வழியில் இருக்கும், முன்பு ஒருமுறை போய்ப் பார்த்துவந்த ஒரு சிறப்புப் பள்ளியிலிருந்து போன் வந்தது. விடுதியில் ஒரு இடம் காலி. திங்கள் காலை கொண்டுவந்து விட வேண்டும், வெள்ளி சாயங்காலம் அழைத்துப் போகலாம். வருகிறாளா இல்லையா என்று அடுத்த திங்களுக்குள் சொல்லிவிட வேண்டும்.

சங்கிலி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். "அனுப்பிருவோம். உனக்கும் இடுப்பு வலி கொறயும்."

"பெத்தவ உசுரோட இருக்கயில புள்ளய ஹாஸ்டல்ல உடறதாங்க?" என்றாள் சசிகலா.

"அவளுக்கு எங்க இருந்தா என்ன? தெரியவா போகுது?"

இதை ஜீவிதாவின் கட்டிலில், அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னான்.

வியாழக்கிழமை ஷைனா வந்தாள். கூடலூரிலிருந்து மாதம் இரண்டு முறை வீடு தேடி வரும் பயிற்சியாளர் அவள். வழக்கமாக வந்து கை கால்களை நீவிவிட்டு, சசிகலாவிடம் பேசிவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் சங்கிலி காட்டில் இருப்பான். அன்று மழை வலுத்து மத்தியானமே வேலை நின்றதால் அவனும் வீட்டில் இருந்தான். ஷைனா ஒரு கையில் பாட்டுப் போடும் சின்ன ஸ்பீக்கரையும் மறு கையில் படப்புத்தகத்தையும் தூக்கிப் பிடித்தாள்.

"ஜீவிதா, பாட்டு வேணுமா, புக் வேணுமா?"

இரண்டு விநாடி ஆனது. "அவளுக்கு அதெல்லாம் தெரியாதுங்க," என்றான் சங்கிலி.

"அண்ணா, இப்போ யாரும் மிண்டக்கூடாது," என்றாள் ஷைனா, உதட்டில் விரல் வைத்து. பிறகு ஜீவிதாவின் இடது கையை மட்டும் மெதுவாகப் பிடித்து மடியில் வைத்தாள். பிசைவதற்கு ஜோடி இல்லாமல் வலது கை காற்றில் கொஞ்ச நேரம் தடுமாறி அடங்கியது.

எல்லோரும் சும்மா இருந்தார்கள். சங்கிலிக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து விநாடி. தகரக் கூரையில் மழை தணிந்து, நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி தூறியது. இருபது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, வந்ததே தெரியாமல் கரைந்தது. கேத்தலில் தண்ணீர் முணுமுணுத்தது. இந்த வீட்டில் இத்தனை சத்தம் இருக்கிறது என்று அவனுக்கு இதுவரை தெரியாது. முப்பது. ஜீவிதாவின் முகத்துக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது, ஆழமான கிணற்றில் கயிறு இழுப்பதுபோல, மேலே எதுவும் தெரியாமல், ஆனால் இழுத்துக்கொண்டே. நாற்பது ஆவதற்குள் அவள் கண்கள் மெல்ல நகர்ந்து ஸ்பீக்கரில் போய் நின்றன. நன்றாக நின்றன.

"பாட்டு! பாட்டுன்னு சொல்லிட்டா," என்று ஷைனா உடனே பாட்டைப் போட்டாள். ஜீவிதா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

"எதேச்சயா பாத்திருப்பா," என்றான் சங்கிலி. குரல் அவனுடையதாக இல்லை.

"அப்போ நீங்க கேளுங்க அண்ணா. இப்போ பொருளக் கை மாத்திப் பிடிங்க."

அவன் கை மாற்றிப் பிடித்துக் கேட்டான். "ஜீவி! பாட்டா புக்கா? ஜீவி!"

சசிகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க, பெரட்டுல கூப்படற மாதிரி கூப்படாதீங்க. புள்ள பயந்துக்கும்."

மனைவி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்கு அது நெஞ்சில் தைத்தது. கையில் ஸ்பீக்கரையும் புத்தகத்தையும் ஏந்தியபடி, சிவன் கோயில் துவாரபாலகர் மாதிரி அப்படியே நின்றான். இந்த முறை ஐம்பது விநாடி ஆனது. கண்கள் மறுபடி ஸ்பீக்கருக்குத்தான் வந்தன, அது இப்போது இருந்த பக்கத்துக்கு.

"இவங்களுக்குக் கேக்கும் அண்ணா, புரியும். ஆனா உள்ள இருந்து கண்ணுக்கோ கைக்கோ அந்த உத்தரவு வந்து சேர நேரம் ஆகும். நாம அதுக்குள்ள எழும்பிப் போயிடறோம்," என்றாள் ஷைனா. பையை எடுத்துக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். "பொருளு ரெண்டு காட்டுங்க, கேளுங்க, காத்திருங்க. அவ்வளவுதான். சேச்சி, வரட்டா?"

சங்கிலி அன்று சாயங்காலம் வாசல்படியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். ஏழு வருடம். தினமும் வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டான், பதில் இல்லை என்று கால் கழுவப் போனான். அவன் போன பிறகு, நாற்பதாவது விநாடியில், அவள் வாசலைப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு நாளும் பார்த்திருப்பாள். அங்கே யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அத்தனை பதில்களும் எங்கே போயிருக்கும்? இந்தப் பனிக்குள்தான் எங்காவது நின்றுகொண்டிருக்க வேண்டும், பெயர் ஏறாத ஆட்களைப்போல என்று அவனுக்குத் தோன்றியது. "தெரியவா போகுது" என்று சொன்னதும் அவள் காதில்தானே விழுந்திருக்கும். அவன் அழுதான். அழுகிறவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வதுகூடத் தோன்றாமல் அழுதான்.

மறுநாள் பெரட்டில் அதிசயம் நடந்தது. "பியாட்ரிஸ்!" என்று கூப்பிட்டான். சத்தமில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டான். சத்தமில்லை. பேனா ரிஜிஸ்டருக்குப் போகவில்லை. அவன் பனியைப் பார்த்தபடி நின்றான். நாற்பது ஐம்பது பேர் அவனைப் பார்த்தபடி நின்றார்கள். கடைசியில் பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கூடையும், பிறகு கூடைக்குக் கீழே பியாட்ரிஸும் வந்து சேர்ந்தார்கள்.

"இருக்கேனுங்க," என்றாள், ஆப்சென்ட் ஆகிப்போன முகத்தோடு.

"தெரியுது," என்று டிக் போட்டான்.

"சூப்பர்வைசருக்கு ஒடம்பு சரியில்லயாட்டம் இருக்குது," என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். அவன் கேட்காததுபோல அடுத்த பெயருக்குப் போனான்.

வெள்ளியும் சனியும் அந்த வீட்டில் வேறு ஒரு காலம் ஓடியது. கடிகாரம் அதன் பாட்டில் ஓட, இவர்கள் மூன்று பேரும் அதற்கு வெளியே மிதந்துகொண்டிருந்தார்கள். ஒரு கேள்வி, அப்புறம் மழை, அப்புறம் ஒரு பறவை எங்கோ கத்தும், அப்புறம் பதில். டிவியா ஜன்னலா என்று கேட்டான். ஜன்னல். போட்டுவிட்ட டிவியைப் பார்த்துக்கொண்டே இத்தனை வருடம் அவள் ஜன்னலுக்கு ஆசைப்பட்டிருக்கிறாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டான். பனி வருவதும் போவதும் பார்த்து அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாகத் தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்தன. அவனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். தினமும் மிதித்து நடக்கிற சரிவு அது. அன்றைக்குத்தான் அவன் அதைப் பார்த்தான் என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாப்பாட்டில் பெரிய விஷயம் வெளிப்பட்டது. ஜீவிதாவுக்கு விழுங்குவது சிரமம் என்று எப்போதும் பால்சோறு குழைத்துத்தான் ஊட்டுவார்கள். அவர்கள் வீட்டில் தினமும் அரைக்கும் தேங்காய்ச் சம்பலை, மிளகாயும் எலுமிச்சையும் போட்டதை, சசிகலா நைசாக அரைத்துச் சோற்றோடு மசித்து இன்னொரு கிண்ணத்தில் வைத்தாள். இரண்டையும் காட்டிக் கேட்டார்கள். முப்பது விநாடிகூட ஆகவில்லை. சம்பல். மாற்றி வைத்தார்கள். சம்பல். ஒரு ஸ்பூன் ஊட்டியதும் கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கு சிவந்தது, வாய் மறுபடி திறந்தது.

"அடிப்பாவி, எத்தன வருசமா பால்சோத்த ஊட்டிட்டிருக்கேன்!" என்று சசிகலா தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் செய்தாள். "சொல்லியிருக்கலாமில்லடி?"

"சொல்லித்தான் இருப்பா," என்றான் சங்கிலி.

அன்றே அவன் தன் முடிவையும் மாற்றிக்கொண்டான். "ஹாஸ்டல் வேண்டாம். எவ்வளவு கஷ்டமானாலும் நாம பாத்துக்கலாம். நான் மேனேஜரக் கேட்டு மத்தியான ஷிப்டு வாங்கிக்கறேன், பேக்டரில கூட்டறதா இருந்தாலும் சரி."

சசிகலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அன்னிக்கு நீங்க அனுப்பலாம்னீங்க, நான் வேண்டாம்னேன். இன்னிக்கு நீங்க வேண்டாங்கறீங்க. ரெண்டு பேரும் நம்மளயே கேட்டுக்கறமே, போறவ அவதான?"

"குழந்தை அது."

"சம்பல் வேணும்னு சொல்றப்ப குழந்தையா தெரியலயா?"

உண்மையில் அவனுக்குப் பயம் வந்திருந்தது. கேட்டால் பதில் வந்துவிடும். ஆள் இல்லை என்று நினைத்தவரைக்கும் அவன் இஷ்டத்துக்கு முடிவு செய்யலாம். இப்போது இவ்வளவு தெளிவாக, உறைப்பாக, பிடிவாதமாக ஓர் ஆள் இருக்கிறாள். கேட்டுவிட்டு மீற முடியாது. அவனுக்கு இப்போது அவள் வேண்டும். பிறந்து மூன்று நாளான குழந்தையை விட்டுப் பிரியச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சசிகலாவே இரண்டு படங்களை எடுத்துவைத்தாள். ஒன்று, போன பொங்கலுக்கு வாசலில் மூன்று பேரும் சேர்ந்து எடுத்தது. மற்றது அந்தப் பள்ளிக்காரர்கள் கொடுத்த தாளில் இருந்தது. சித்திரையில் ஒருமுறை பார்த்துவரப் போனபோது, அங்கே ஒரு வெந்நீர்த் தொட்டியில் டீச்சர் ஜீவிதாவை இறக்கி ஏந்திக்கொண்டாள். தண்ணீரில் அவள் கைகள் இரண்டும் பிரிந்து தனித்தனியே மிதந்தன. பக்கத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகள், தண்ணீரை அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு. படத்திலும் அதே தொட்டி, அதே மாதிரிப் பிள்ளைகள்.

"நீங்களே கேளுங்க," என்றாள்.

சங்கிலி ஜீவிதாவின் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவள் இடது கையைச் சசிகலா பிடித்துக்கொண்டாள். அவன் குரலை இறக்கி, காதோடு சொல்வதுபோலக் கேட்டான். "தங்கம், இங்கயே இருக்கியா? இல்ல, இந்தத் தண்ணித் தொட்டி ஸ்கூலுக்குப் போறியா? வெள்ளிக்கிழமை அப்பா வந்து கூட்டிட்டு வந்துருவேன்."

பனி ஜன்னலை முழுக்க மூடியிருந்தது. வெளியே உலகம் இருப்பதற்கு அடையாளமே இல்லை. ஜீவிதா கூரையைப் பார்த்தாள். அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். பொங்கல் படத்தின் மேலாகக் கண்கள் போனபோது அவன் மூச்சை நிறுத்திக்கொண்டான். கண்கள் அங்கே நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றன.

கை மாற்றினான். தண்ணீர்த் தொட்டி.

மறுபடி மாற்றினான். சசிகலா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பொங்கல் படத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிப் பிடித்ததையும் பார்த்தாள். கள்ளாட்டம்தான், வேறென்ன? ஜீவிதா நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், பின்னால் இருந்த படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா வேணாமா தங்கம்?" என்றான்.

"அதுக்குன்னு தனியாப் படமே காட்டலியேங்க நீங்க," என்றாள் சசிகலா மெதுவாக. அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "அப்பா வேண்டாம்னு அவ சொல்லல. தண்ணி வேணும்ங்கறா. அவள மாதிரிப் புள்ளைங்க வேணும்ங்கறா. எட்டு வயசுப் புள்ளைக்கு வேறென்ன வேணும்? அவ சொல்லிட்டா. இனி நீங்கதான் சொல்லணும்."

அவன் படங்களைக் கீழே வைத்தான். ஜீவிதாவின் கண்கள் படத்தை விட்டு ஏறி அவன் முகத்துக்கு வந்தன. அவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. சின்னச் சொல்தான், ஒரே சொல்தான், தொண்டைவரைக்கும் வந்து அங்கேயே நின்றது. பத்து விநாடி. இருபது. கேத்தலில் தண்ணீர் கொதித்து அடங்கியது. சசிகலா எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும், "சரி" என்று அவன் சொல்லும்போது. அதுவரைக்கும் ஜீவிதா கண்ணை எடுக்காமல் அவனுக்காகக் காத்திருந்தாள்.